நான்கு பேய்கள், ஒரே ஸ்பிரைட்: வீட்டுக்கு வந்த பேக்-மேன், 1981–83

எதைப் பற்றிய ஆய்வு

பேக்-மேன், புதிர்வழியில் புள்ளிகளைத் தின்றுகொண்டே நான்கு பேய்களிடமிருந்து தப்பும் வீடியோ ஆட்டம். அட்டாரி 2600 என்ற வீட்டு ஆட்டப் பெட்டிக்கான அதன் காட்ரிட்ஜை எமுலேட்டரில் (பழைய பெட்டியைப் போல இயங்கும் கணினி நிரலில்) ஓட்டி, ஏதாவது ஒரு கணத்தில் நிறுத்திப் பாருங்கள். திரையில் ஒரே ஒரு பேய்தான் இருக்கும். ஒரு ஃபிரேம் (டிவி ஒரு முறை வரையும் முழுப் படம்) முன்னே தள்ளினால் அது மறைந்துபோய், இன்னொரு பேய் வேறொரு மூலையில் நிற்கும். நான்கு ஃபிரேம் தள்ளினால்தான் நான்கு பேய்களையும் ஒரு சுற்று பார்த்து முடிக்கலாம். டிவியில் விளையாடியவர்களுக்கு இது மினுக்கலாகத் தெரிந்தது. 1982-இல் அந்தக் காட்ரிட்ஜை வாங்கிய பல லட்சம் குடும்பங்களில் எழுந்த முதல் கேள்வியே, "ஏன் பேய்கள் இப்படி விட்டுவிட்டுத் தெரிகின்றன?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

ஆர்கேட் ஆட்டத்தை, அதாவது பொது இடத்தில் காசு போட்டு ஆடும் ஆட்டத்தை, வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலையில் இதைவிட அதிகம் ஏசப்பட்ட உதாரணம் இல்லை. ஏசியவர்கள் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்: பெட்டிக்கு வலு போதவில்லை, அல்லது அவசரத்தில் அரைகுறையாக வெளியிட்டார்கள். இரண்டும் முழு உண்மை இல்லை. எந்த இடத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது, அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்று வரிசையாகப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். நிறுவனங்களின் பெயர்கள் உண்டு. ஆட்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். பழி யார் தலையில் என்பது இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை.

பின்னணி: காசு போட்டு விளையாடிய பெட்டி

நாம்கோ நிறுவனம் பேக்-மேனை 1980 மே மாதம் டோக்கியோவில் சோதனைக்கு வைத்தது. அதே ஆண்டு இறுதிக்குள் மிட்வே நிறுவனத்தின் வழியாக அமெரிக்க ஆர்கேட்களில் இறங்கியது. உள்ளே இருந்தது 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 சிப். நிரலுக்கு மட்டும் 16 கிலோபைட் ரோம் (மாற்றி எழுத முடியாத நினைவகம்). உருவங்களுக்கும் ஒலிக்கும் தனியாக வேறு சிப்கள். செங்குத்தாக நிறுத்திய திரையில் 224க்கு 288 திரைப்புள்ளிகள் (பிக்சல்). திரையில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தக்கூடிய 8 ஸ்பிரைட்களை, அதாவது சிறு உருவங்களை, வன்பொருளே வரைந்து கொடுத்தது. ஆட்டத்தில் எப்போதும் நகர்பவை ஐந்துதான்: பேக்-மேனும் நான்கு பேய்களும். அதாவது வேண்டியதற்கு மேலேயே இருந்தது.

ஆட்டத்தின் சுவை பேய்களில் இருக்கிறது. சிவப்புப் பேய் நேரே பேக்-மேனைத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் பேக்-மேனுக்கு நான்கு கட்டம் முன்னால் குறி வைக்கும். நீலப் பேயின் குறியைக் கணக்கிடச் சிவப்புப் பேய் எங்கே நிற்கிறது என்பதும் சேரும். ஆரஞ்சுப் பேய் தொலைவில் இருக்கும்போது துரத்தி, எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். விளையாடுபவருக்கு இந்த விதிகள் தெரியாது. ஆனால் நிறத்தை வைத்து, "சிவப்பு வருது, ஓடு, ஆரஞ்சுதானே, இரு" என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். நிறம் தெரிய வேண்டும், நான்கும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கல்வி நடக்காது.

பின்னணி: வீட்டில் இருந்த பெட்டி

அட்டாரி 2600 வெளிவந்தது 1977-இல். அந்தக் காலத்து ஆட்டங்கள் பாங், டாங்க் போன்றவை. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஆளுக்கு ஒரு குண்டு. நடுவில் ஒரு பந்து. அந்த இரண்டு ஆட்டங்களை வீட்டில் ஆட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத்தான் அதன் படச் சிப்பில் வைத்தார்கள். வன்பொருளிலேயே அந்தப் பெயர்கள் இருக்கின்றன: இரண்டு "ஆட்டக்காரர்" ஸ்பிரைட்கள், ஒவ்வொன்றும் 8 திரைப்புள்ளி அகலம், இரண்டு "ஏவுகணைகள்", ஒரு "பந்து". இவை போக, பின்னணிக்கு 20 பிட் கொண்ட ஒரு களம். அது திரையின் இடப்பாதியை நிரப்பும். வலப்பாதியில் அதே உருவம் மறுபடி வரும் அல்லது கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும்.

ராம், அதாவது ஆட்டம் ஓடும்போது மாறுவதை வைத்திருக்கும் நினைவகம், 128 பைட். கிலோபைட் அல்ல, பைட். செயலியின் அடுக்குநினைவும் (பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பும் இடத்தைக் குறித்துவைக்கும் பகுதி) அதற்குள்ளேயே அடங்க வேண்டும். காட்ரிட்ஜுக்கு நேரடியாக எட்டக்கூடிய இடம் 4 கிலோபைட். படத்தைச் சேமித்து வைக்கும் நினைவகம் கிடையாது. ஒரு முழுத்திரைப் படம் இந்தப் பெட்டிக்குள் எந்த நேரத்திலும் இருந்ததில்லை. டிவியின் மின்கற்றை ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும்போது, அந்த வரிக்கு வேண்டியதை நிரல் அந்தக் கணத்தில் சிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் நிறுத்தாமல் இழை கொடுப்பது போன்ற வேலை. ஒரு வரி தவறினால் அந்த ஃபிரேமில் அதைத் திருத்த வழியில்லை.

ஒரு வரிக்குக் கிடைப்பது செயலியின் கடிகாரத்தில் 76 துடிப்புகள். ஒரு மதிப்பை எடுத்து ஒரு பதிவகத்தில் (படச் சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடத்தில்) எழுத, அட்டவணையிலிருந்து எடுத்தால், 7 துடிப்பு போகும். களத்தின் இரு பாதிகளும் வெவ்வேறாக இருக்க வேண்டுமென்றால் ஒரே வரியில் ஆறு முறை எழுத வேண்டும்: 42 துடிப்பு. மிச்சமுள்ள 34-இல் இரண்டு ஸ்பிரைட்களின் அந்த வரிக்கான துண்டைத் தேடி எடுத்து எழுதி, எத்தனையாவது வரி என்று எண்ணி, திரும்பி வர வேண்டும். 192 வரி இப்படிப் போகும். திரைக்கு மேலும் கீழும் கண்ணுக்குத் தெரியாத 70 வரிகள் உண்டு. பேய்களின் நகர்வு, மோதல், மதிப்பெண், ஒலி எல்லாவற்றுக்கும் கிடைத்த நேரம் அந்த 70 வரிகள்தான்.

இந்தப் பெட்டியில் ஆர்கேட் ஆட்டத்தைக் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கு முன்பே ஒரு பதில் கிடைத்திருந்தது. 1980-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மூல ஆட்டத்தின் 55 எதிரிகள் 36 ஆகக் குறைந்தார்கள். யாரும் பெரிதாக வருந்தவில்லை. எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும் அந்தப் பதற்றம் அப்படியே இருந்தது. காட்ரிட்ஜ் பெட்டியையே விற்றுக் கொடுத்தது. எண்ணிக்கையைக் குறைத்தாலும் ஆட்டத்தின் உயிர் போகாது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

1981: வேலை தொடங்கியபோது

வீட்டுப் பதிப்புக்கான உரிமையை நாம்கோவிடமிருந்து அட்டாரி வாங்கியிருந்தது. 1981-இல் அந்த வேலை ஒரே ஒரு நிரலாளரிடம் போனது. குழு இல்லை, வரைபவர், இசைப்பவர் என்று தனி ஆட்கள் இல்லை. அன்றைய 2600 ஆட்டங்கள் எல்லாமே அப்படித்தான் உருவாயின. மூல நிரலின் வரிகளைக் கையில் வைத்து மாற்றி எழுதும் வேலையும் அல்ல இது. ஆர்கேட் பெட்டியை விளையாடிப் பார்த்து, பார்த்ததை வேறொரு பெட்டிக்காகப் புதிதாக எழுத வேண்டும்.

நிறுவனத்துக்குள் அப்போதைய சூழலும் இதில் சேரும். பெயரும் பங்கும் கிடைக்கவில்லை என்று 1979-இல் நான்கு அனுபவசாலி நிரலாளர்கள் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கியிருந்தார்கள். 2600-இன் வரித் துடிப்புகளை விரல் நுனியில் வைத்திருந்தவர்கள் அவர்கள். மிஞ்சியவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் குறைந்திருந்தார்கள்.

வேலை சுமார் ஆறு மாதம் நடந்தது. கிறிஸ்துமஸுக்காக முடியாத மாதிரியைப் பிடுங்கி வெளியிட்டார்கள் என்று பின்னாளில் பரவிய கதையை நிரலாளரே மறுத்திருக்கிறார். வெளிவந்ததுதான் முடித்துக் கொடுத்தது. இது முக்கியம், ஏனென்றால் கீழே வரும் ஒவ்வொன்றும் விபத்து அல்ல, எடுக்கப்பட்ட முடிவு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அளவு: 4 கிலோபைட். வேறு வழி இல்லாமல் இல்லை. நினைவகத்தை இரண்டு பாதியாகப் பிரித்து மாற்றி மாற்றிக் காட்டும் உத்தியில் 8 கிலோபைட் காட்ரிட்ஜ் செய்யலாம். அதே நிறுவனம் 1981-இல் ஆஸ்டராய்ட்ஸுக்கு அதைச் செய்தும் காட்டியது. ஆனால் 8 கிலோபைட் ரோம் விலை அதிகம். பல லட்சம் பிரதிகள் போடப்போகும் காட்ரிட்ஜில் ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் தொகை கணக்குப் பிரிவுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கும். அதிகம் விற்கப்போகும் ஆட்டம் என்பதாலேயே அதற்குக் குறைவாகச் செலவழித்தார்கள்.

இரண்டாவது, என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரியது: இருவர் மாறி மாறி ஆடும் வசதி. ஆர்கேட் பெட்டியில் அது இருந்தது. ஆகவே வீட்டுப் பதிப்பிலும் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தோற்று அடுத்தவர் முறை வரும்போது, முன்னவர் எந்தப் புள்ளிகளைத் தின்றார் என்பதைப் பெட்டி நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆர்கேடில் 244 புள்ளிகள். இங்கே 126 ஆகக் குறைத்தாயிற்று. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று கருமித்தனமாக வைத்தாலும் ஆளுக்கு 16 பைட். இரண்டாமவருக்கும் சேர்த்தால் 32. மதிப்பெண், மிச்ச உயிர்கள் தனி. மொத்தமே 128 பைட் உள்ள இடத்தில், அந்த நேரத்தில் ஆடாத ஒருவருக்காக இவ்வளவு இடம் பூட்டி வைக்கப்பட்டது. வீட்டில் ஒருவர் ஆட்டம் முடியும்வரை மற்றவர் காத்திருந்து புதிதாகத் தொடங்கினால் என்ன குறைந்திருக்கும்? இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், பேய்களுக்கு இன்னும் இடம் கிடைத்திருக்கும்.

அங்கிருந்துதான் மூன்றாவது முடிவு வருகிறது. இரண்டு ஸ்பிரைட்களில் ஒன்று பேக்-மேனுக்கு. நான்கு பேய்களுக்கும் மற்றொன்று. ஒரே ஸ்பிரைட்டை ஒரே ஃபிரேமில் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பயன்படுத்த முடியும். ஆனால் இந்தச் சிப்பில் "இத்தனையாவது திரைப்புள்ளியில் நில்" என்று எண் கொடுக்கும் பதிவகம் கிடையாது. மின்கற்றை அந்த இடத்தைக் கடக்கும் கணத்தில் ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு முழு வரி செலவாகும். புதிர்வழியையும் புள்ளிகளையும் வரைந்துகொண்டே அந்த வரியை எங்கே கண்டுபிடிப்பது? எந்தப் பேய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு ஃபிரேமும் வரிசைப்படுத்தவும் வேண்டும். அதற்கு நிரலிலும் இடம், ராமிலும் இடம். இரண்டும் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. ஆகவே மலிவான வழி: ஃபிரேமுக்கு ஒரு பேய் என்று முறை வைத்துச் சுற்றி வருவது. டிவி நொடிக்கு 60 முறை வரையும். நான்கால் வகுத்தால் ஒவ்வொரு பேயும் நொடிக்கு 15 முறை தெரியும். கண் இதை நிச்சயம் கண்டுபிடித்துவிடும். மாறி மாறித் தெரிந்ததில் நிறங்களும் வெளிறி, ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாமல் போயின.

புள்ளிகள் நீள்சதுரமாக மாறியதற்குக் காரணம் இன்னும் எளிது. அவை பின்னணிக் களத்தில் வரையப்பட்டன. களத்தின் ஒரு பிட் திரையில் நான்கு திரைப்புள்ளி அகலம். ஆகவே வட்டமோ சிறு புள்ளியோ சாத்தியமில்லை, கோடுதான். சுவருக்கும் அவற்றுக்கும் ஒரே நிறம் என்பதும் அதனால்தான். கையேட்டில் இவற்றுக்கு "வீடியோ வேஃபர்" என்று பெயர் வைத்துச் சமாளித்தார்கள். பழத்துக்குப் பதிலாக வந்த சதுரக் கட்டத்துக்கு "வைட்டமின்" என்று பெயர். ஆட்டத்தைவிடக் கையேடு எழுதியவருக்குத்தான் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆர்கேடில் இடது, வலது பக்கங்களில் இருந்த சுரங்க வழி (ஓர் ஓரத்தில் நுழைந்தால் எதிர் ஓரத்தில் வெளிவரும் வழி) மேலும் கீழுமாக மாறியது. பேக்-மேன் மேலே போனாலும் கீழே போனாலும் முகம் பக்கவாட்டிலேயே இருந்தது. மேல்நோக்கிய உருவத்துக்கு வேண்டிய சில பைட்கள் மிச்சம். தொடக்க இசையின் இடத்தில் நான்கு சுரம். ஆட்டத்துக்கு நடுவில் வரும் குட்டிக் காட்சிகள் இல்லை. இவை எல்லாம் வேறு வழியில்லாத சிக்கனங்கள் என்று ஒப்புக்கொள்ளலாம்.

நிறத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. மூல ஆட்டம் கறுப்புப் பின்னணியில் நீலச் சுவர். வீட்டுப் பதிப்பு நீலப் பின்னணியில் மஞ்சள் கலந்த பழுப்புச் சுவர். கறுப்புப் பின்னணியை விண்வெளி ஆட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று நிறுவனத்துக்குள் ஒரு வழக்கம் இருந்ததாக நிரலாளர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு பைட் மதிப்பை மாற்றினால் போதும், திரை மூல ஆட்டத்தைப் பாதியாவது நினைவூட்டியிருக்கும். அதற்கு ரோமும் வேண்டாம், துடிப்பும் வேண்டாம்.

மார்ச் 1982: நீதிமன்றம் என்ன பார்த்தது

காட்ரிட்ஜ் கடைக்கு வரும் அதே மாதத்தில் அட்டாரி ஒரு வழக்கில் வென்றது. நார்த் அமெரிக்கன் பிலிப்ஸ் தன் ஒடிசி 2 பெட்டிக்கு 1981-இல் கே.சி. மன்ச்கின் என்ற ஆட்டத்தை வெளியிட்டிருந்தது. அதுவும் புதிர்வழியில் ஓடித் தின்னும் ஆட்டம்தான்; ஆனால் புள்ளிகள் 12 மட்டும், அவையும் நகரும்; புதிர்வழியை விளையாடுபவரே வரைந்துகொள்ளலாம். அது பேக்-மேனின் நகல் என்று அட்டாரியும் மிட்வேயும் தடை கேட்டன. கீழ் நீதிமன்றம் மறுத்தது. அமெரிக்காவின் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982 மார்ச் 2 அன்று அதைத் திருப்பி, தடை கொடுக்கச் சொன்னது.

இந்த ஆய்வுக்கு அந்தத் தீர்ப்பின் வெற்றி தோல்வி முக்கியமில்லை. அதன் தர்க்கம்தான் முக்கியம். புதிர்வழி, புள்ளிகள், சுரங்க வழி, மதிப்பெண் அட்டவணை ஆகியவை இவ்வகை ஆட்டத்துக்குப் பொதுவானவை, அவற்றுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு என்று நீதிமன்றம் ஒதுக்கியது. பேக்-மேனுக்கே உரியது என்று அது எடுத்துக்கொண்டவை விழுங்கும் உருவமும், அதைத் துரத்தும் பேய்களும். அவை எப்படித் தோன்றுகின்றன, எப்படி நகர்கின்றன, பேய் எப்படி வெருண்டு ஓடுகிறது, தின்னப்பட்ட பின் கண்ணாக மட்டும் எப்படித் திரும்பி வருகிறது என்பதைத்தான் ஒப்பிட்டார்கள்.

நிரல் எழுதத் தெரியாத நீதிபதிகள், ஆட்டத்தின் உயிர் எது என்று சரியாகக் கையை வைத்துவிட்டார்கள். அட்டாரியின் சொந்தக் காட்ரிட்ஜ் மிகவும் பலவீனப்படுத்தியதும் அந்த இரண்டையும்தான். எதைக் காப்பாற்ற வழக்குப் போட்டார்களோ, அதை நொடிக்கு 15 முறையாகக் குறைத்து விற்றார்கள்.

வெளியீடும் அதற்குப் பின்னும்

1982 மார்ச்சில் காட்ரிட்ஜ் வந்தது. ஏப்ரல் 3-ஐ அமெரிக்காவில் பேக்-மேன் நாள் என்று அறிவித்து விளம்பரம் செய்தார்கள். 70 லட்சத்துக்கு மேல் விற்றது. 2600-இன் வரலாற்றிலேயே அதிகம் விற்ற காட்ரிட்ஜ் இதுதான். விற்பனை எண்ணை மட்டும் பார்த்தால் இது தோல்விக் கதையே அல்ல.

குறை வாங்கியவர்களிடமிருந்தும் இதழ்களிடமிருந்தும் வந்தது. ஆர்கேடில் விளையாடிப் பழகிய கை, வீட்டில் வேறொரு ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தது. ஒலி வேறு, நிறம் வேறு, வழி வேறு. ஒரு புள்ளிக்கு 10 என்பது 1 ஆகியிருந்ததால் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள மதிப்பெண் கூட ஒத்துவரவில்லை. முதல் முறை பெயரை நம்பி வாங்கினார்கள். அடுத்த ஆர்கேட் பெயர் போட்ட காட்ரிட்ஜ் வந்தபோது யோசித்தார்கள்.

1982 டிசம்பர் 7 அன்று அட்டாரியின் தாய் நிறுவனமான வார்னர், எதிர்பார்த்த 50 சதவீத வளர்ச்சி 10 முதல் 15 சதவீதம்தான் இருக்கும் என்று அறிவித்தது; மறுநாளே பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வீடியோ ஆட்டச் சந்தையின் 1983 பெரும் வீழ்ச்சிக்கு இந்தக் காட்ரிட்ஜைக் காரணமாகக் காட்டுவது பழகிப்போன வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அளவுக்கு மீறிய உற்பத்தி, குவிந்த மலிவு காட்ரிட்ஜ்கள், விலை குறைந்துகொண்டே வந்த வீட்டுக் கணினிகள் என்று காரணங்கள் பல. ஆனால் நம்பிக்கைக் கணக்கில் முதல் பெரிய பற்று இங்கே எழுதப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

அதே ஆட்டம், பக்கத்து மேசைக் கணினிகளில்

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அதே அட்டாரியின் 400, 800 கணினிகளுக்கு 1982-இலேயே அதிகாரபூர்வப் பேக்-மேன் வந்தது. 1979-இல் வெளிவந்த அந்தக் கணினிகளில் நான்கு ஸ்பிரைட்கள் உண்டு. கூடவே உள்ள நான்கு குட்டி ஏவுகணைகளை ஒன்றாக ஒட்டினால் ஐந்தாவது ஸ்பிரைட் கிடைக்கும். நகர வேண்டியவை ஐந்து. சிப்பில் இருந்தவையும் ஐந்து. படத்துக்கு நினைவகம் இருந்தது, களத்தை வரிக்கு வரி ஊட்ட வேண்டியதில்லை. அந்தப் பதிப்பைப் பற்றி இன்றுவரை யாரும் நீண்ட கட்டுரை எழுதுவதில்லை. எழுத ஒன்றும் இல்லாத அளவுக்குச் சரியாக இருந்தது.

ஆப்பிள் 2-இன் கதை வேறு மாதிரி. அங்கே ஸ்பிரைட் என்ற வசதியே கிடையாது. ஆனால் 1981-இலேயே ஓர் இளைஞர் டாக்ஸ்மேன் என்ற பெயரில் ஏறக்குறைய ஆர்கேடையே கொண்டுவந்துவிட்டார். அட்டாரி வழக்குப் போட்டது. பின் தன் அட்டாரிசாஃப்ட் முத்திரையில் ஆப்பிள் 2-க்கு அதிகாரபூர்வப் பதிப்பு வெளியிட்டபோது, அந்த நகலையே எடுத்து அடிப்படையாக்கிக்கொண்டது. நகலைத் தடுத்த கை நகலையே மூலமாக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கமடோர் விக்-20-க்கு ஹால் லேபரட்டரி எழுதிய ஆட்டம் ஜப்பானில் பேக்-மேன் என்ற பெயரிலேயே விற்றது. வெளியே உரிமை அட்டாரியிடம் இருந்ததால் ஜெல்லி மான்ஸ்டர்ஸ் ஆனது. பிரிட்டனில் பிபிசி மைக்ரோவுக்கு அக்கார்ன்சாஃப்ட் கொண்டுவந்த ஸ்னாப்பர் முதலில் மூலத்தை அச்சடித்தாற்போல் இருந்தது. பிறகு தொப்பி போட்ட ஓர் உருவமாக நாயகனை மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். இந்தக் கணினிகளில் எதிலும் பேக்-மேன் ஆடுவதற்கான தனி வன்பொருள் இல்லை. எழுதியவர்கள் எல்லோரும் பேய்களை முதலில் வைத்தார்கள். மிச்ச இடத்தில் மற்றவற்றை அடக்கினார்கள்.

1983: அதே பெட்டியில் இரண்டாவது முயற்சி

பேக்-மேனின் தொடர்ச்சியாக ஆர்கேடில் வந்த மிஸ் பேக்-மேனின் 2600 பதிப்பு வெளிவந்தபோது அட்டாரி பாடம் கற்றிருந்தது தெரிந்தது. இந்த முறை வேலை வெளியே, ஜெனரல் கம்ப்யூட்டர் நிறுவனத்திடம் போனது. மிஸ் பேக்-மேனின் ஆர்கேட் மூலத்தை உருவாக்கியவர்களே அவர்கள்தான். காட்ரிட்ஜ் 8 கிலோபைட்.

பெட்டி அதேதான். 128 பைட் கூடவில்லை, 76 துடிப்பு 77 ஆகவில்லை. ஆனால் பேய்களை உயரத்தின்படி வரிசைப்படுத்தி, ஒன்றுக்கொன்று போதிய இடைவெளி இருக்கும்போது ஒரே ஃபிரேமில் ஸ்பிரைட்டை மறுபடி மறுபடி நிறுத்தி வரைந்தார்கள். இரண்டு மூன்று உருவங்கள் ஒரே உயரத்தில் கூடும்போது மட்டும் மினுக்கல் வந்தது. அதுவும் ஆட்டத்தில் பரபரப்பான கணமாக இருப்பதால் கண் அதை மன்னித்தது. நிறங்கள் தெளிவாகத் தெரிந்தன, நான்கு புதிர்வழிகள் இருந்தன, பழம் பழமாகத் தெரிந்தது, தொடக்க இசையும் வந்தது. முதல் காட்ரிட்ஜைப் பார்த்து "இந்தப் பெட்டியில் இவ்வளவுதான்" என்று சொன்னவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்துவிட்டது.

எதை மாற்றியிருக்கலாம்

நாற்பது ஆண்டுகள் கழித்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வது எளிது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1981-இல் அந்த நிரலாளருக்கு எமுலேட்டர் இல்லை, ஃபிரேமை நிறுத்திப் பார்க்க வழி இல்லை, அனுபவம் மிக்க சகாக்களில் பாதி எதிர்முகாமில்.

அப்படியும், முதலில் தொட்டிருக்க வேண்டியது இருவர் ஆட்டம். ஆர்கேட் பெட்டியின் அம்சப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே "உண்டு" என்று எழுதினால் வீட்டுப் பதிப்பு தேறிவிட்டதாகத் தோன்றும்: புதிர்வழி உண்டு, புள்ளி உண்டு, நான்கு பேய் உண்டு, இருவர் ஆடலாம். அந்தப் பட்டியலில் "நான்கு பேயும் ஒரே நேரத்தில் தெரிகிறதா" என்ற வரி இருக்காது, ஏனென்றால் ஆர்கேட் பெட்டியில் அது கேட்கவே வேண்டாத கேள்வி. பட்டியல்படி வேலை முடிந்தது. ஆட்டம் மட்டும் வந்து சேரவில்லை.

அளவு முடிவைப் பொறுத்தவரை, நிர்வாகத்திடம் கேட்டுப் பெறவேண்டியது 8 கிலோபைட். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு. ஆஸ்டராய்ட்ஸுக்குக் கிடைத்தது என்பதால் வாதிட இடம் இருந்தது. பின்னணி நிறத்துக்கு யாரிடமும் கேட்கவே வேண்டியதில்லை. வழக்கத்தை ஒரு முறை மீறினால் போதும். இன்னொன்று, வேலை பாதியில் இருக்கும்போதே ஆர்கேடில் தினமும் ஆடும் நாலு சிறுவர்களைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்திருக்கலாம். முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

4 கிலோபைட்டே போதாது என்ற வாதத்துக்கு மட்டும் ஒரு பின்குறிப்பு தேவை. கால் நூற்றாண்டு கழித்து ஓர் ஆர்வலர், இதே பெட்டிக்கு, இதே 4 கிலோபைட்டுக்குள், பக்கவாட்டுச் சுரங்கத்தோடும் மூலத்தை ஒத்த புதிர்வழியோடும் ஒரு பேக்-மேன் எழுதி வெளியிட்டார். பேய்களுக்கு அவரவர் நிறம் இருந்தது. அதற்குள் 2600-இன் ஒவ்வொரு துடிப்பையும் அலசிய குறிப்புகள் ஆர்வலர்களிடையே குவிந்திருந்தன. தவிர, அவருக்குக் கெடுவும் இல்லை, ஏப்ரலில் விளம்பர நாளும் இல்லை.